பதினான்காம் நம்பர் கட்டை

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நான் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த நாற்பத்தொரு நாட்களில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தெற்குச் சுவரோரம் நான் அடுக்கி வைத்திருந்த விறகு முழுவதையும் எடுத்து நிலவறைக்குள் போட்டு, கதவைச் சாத்தி, காற்றுப் போகும் ஓட்டையில் பிளாஸ்டிக் தாளையும் திணித்துவிட்டுப் போயிருக்கிறாய். இரண்டு கோடை முழுக்கக் காயவைத்த விறகு. இன்றைக்கு அது பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. இது நீ செய்த தப்பு. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்காதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. மறுநாள் கேட்டால் நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்பாய். முப்பத்து மூன்று வருடம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போட்டவள் நான். காகிதத்தில் இருந்தால்தான் எனக்கு அது பேச்சு. நீயும் எழுதியே பதில் அனுப்பு.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சுவர் மொட்டையாக நின்றது. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தச்சர்தான் சொன்னார். "உங்க தம்பி ரெண்டு ஆளோட வந்து உள்ள போட்டுட்டுப் போனாரு, பார்சலம்மா. வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத வீடான்னாரு." திருடன் எவ்வளவோ தேவலை. கொண்டுபோய் எங்காவது காய்ந்த இடத்தில் வைத்திருப்பான்.

நிலவறைக்கு ஒன்பது படி. கட்டுப் போட்ட காலோடு இறங்க முடியாது என்பதால் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். கதவைத் திறந்ததும் துவைக்காத ஈரத்துணி மூட்டையின் நாற்றம். மழைக்காலத்தில் அந்தத் தரையில் தண்ணீர் கசியும் என்பது உனக்குத் தெரியாதா? அடி வரிசை தண்ணீரில் நின்றது. மேல் வரிசையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூனை ரோமம் போலப் படர்ந்திருந்தது.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டைக்கு நம்பர் எழுதி, பிளந்த அன்றைய எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதி வைப்பேன். ஞாயிறுதோறும் எடை போடுவேன். எடை குறைவது நின்றால் உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பதினான்காம் நம்பர் தைலமரக் கட்டை, பிளந்த அன்று மூன்று கிலோ தொள்ளாயிரம். நான் விழுவதற்கு முந்தைய ஞாயிறு இரண்டு கிலோ முந்நூறு. நேற்று இரண்டு கிலோ அறுநூறு. முந்நூறு கிராம் தண்ணீரை அதற்கு நீ குடிக்கக் கொடுத்திருக்கிறாய். அதைப் போல ஆயிரத்துக்கும் மேல் கட்டைகள்.

நவம்பர் கடைசியில் குளிர் இறங்கிவிடும். இந்த வீட்டுக்குச் சூடு தருவது ஒரே ஒரு இரும்பு அடுப்பு. ஈர விறகைப் போட்டால் வெப்பம் வராது, புகைதான் வரும். அது புகைக்குழாயின் உள்பக்கம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். காய்ந்த விறகு இல்லாவிட்டால் நான் இந்தக் குளிர்காலம் இங்கே இருக்க முடியாது. ஆனால் நான் இங்கேதான் இருப்பேன். ஏன் எடுத்தாய் என்று மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தபால்காரர் என்னைக் குற்றவாளிக் கூண்டில் பார்ப்பது போலப் பார்த்தார். பிரித்துப் படித்த பிறகு அவர் பார்த்தது சரிதான் என்று தோன்றியது.

முதலில் கால் எப்படி இருக்கிறது? நான்கு பக்கக் கடிதத்தில் கட்டையின் எடை கிராம் வரைக்கும் இருக்கிறது, காலைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டுப் போட்ட காலோடு படியில் இறங்கினேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். இதைப் படித்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், விறகு வைத்தியன் இல்லை. ஜூலையில் விடாமல் மழை. மழையில் நனைகிறதே, உள்ளே வைத்தால் பத்திரமாக இருக்குமே என்று நினைத்தேன். முற்றமும் பார்க்கக் கொஞ்சம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்ததில் என் இடுப்பு இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு நன்றி வேண்டாம். ஆனால் திருடனை விட மோசம் என்று தச்சர் காதுபட நீ சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும்.

விறகுதானே போனது? நான் வாங்கி அனுப்புகிறேன். இங்கே ஒரு விறகுக் கடைக்காரர் நன்றாகக் காய்ந்தது என்று உத்தரவாதம் தருகிறார். மாதக் கடைசியில் ஒரு லாரி வரும். இறக்கி வைத்துக்கொள். கோபத்தையும் அதோடு இறக்கி வைத்துவிடு.

இன்னொன்று. சின்ன அறையைக் காலி செய்து புதுத் திரை போட்டிருக்கிறோம். சுவரில் ஹீட்டர் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் போதும். குளிர்காலம் மட்டுமாவது வந்து இரு என்று சொன்னால் உடனே எகிறாதே.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் லாரி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

டிரைவர் கொட்டப் போனார். ஒரு கட்டையை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். வெளியே நன்றாக வெடிப்பு விட்டு, பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்சல் கனத்தை விரலாலேயே சொல்கிறவளிடம் வந்து கதை விடுகிறார்கள். தச்சரைக் கூப்பிட்டு இரண்டாகப் பிளக்கச் சொன்னேன். பிளந்த உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. டிரைவர் கன்னத்திலும் வைத்துக் காட்டினேன். "அம்மா, விறகு விறகுதானே, போட்டா எரியப்போகுது" என்றார். "உள்ள இருக்கிற தண்ணிக்கு எரியத் தெரியாதுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். உத்தரவாதத்தை அந்தக் கடைக்காரரையே எரிக்கச் சொல்.

என் விறகை நானே மேலே கொண்டு வருகிறேன். எப்படி என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். கீழ்ப்படியில் உட்கார்ந்து, மூன்று கட்டைகளை அடுத்த படியில் வைப்பேன். பிறகு கையை ஊன்றி நான் ஒரு படி ஏறுவேன். மறுபடி மூன்று கட்டை, மறுபடி நான். ஒன்பது படி ஏற கால் மணி நேரம். மேலே தச்சர் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டு போவார். காலையில் பத்து தடவை, சாயந்திரம் எட்டு தடவை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள், காலைப் பற்றி எழுதவில்லை என்றாயே, இதோ எழுதிவிட்டேன்.

சுவரோரம் மரச்சட்டங்களைப் போட்டு, தரையில் படாமல் மறுபடி அடுக்குகிறேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பட்டை மேல்பக்கம் பார்க்க, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு எலி ஓடுகிற இடம் விட்டு. மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு. மழைச் சாரல் பட்டால் பரவாயில்லை, அடுத்த வெயிலில் போய்விடும். மூடி வைத்த ஈரம்தான் போகாது. பூஞ்சையைத் துடைப்பக்கட்டையால் தேய்த்து எடுக்கிறேன். அடி வரிசை மூன்றும் உளுத்துவிட்டது, அது தேறாது.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். முற்றம் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். யார் பார்க்க? நான் மருத்துவமனையில். நீ மூன்று மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம். இங்கே காக்கையைத் தவிர யார் பார்க்க?

தச்சரைக் கேட்டேன். அவர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை கேட்டதும்தான், ஜூலை பதினெட்டாம் தேதி உன்னோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்ததாகச் சொன்னார். கையில் அளவு டேப் இருந்ததாம். அந்தப் பெண் என் அடுப்பைக் காட்டி, இதைப் பிடுங்கிவிட்டு இந்த இடத்தில் டி.வி. வைக்கலாம் என்றாளாம்.

மழுப்பாமல் எழுது.

அக்கா


செப்டம்பர் 11

அக்காவுக்கு,

மழுப்பவில்லை. வீட்டை விற்பதற்காகத்தான் அவர்களைக் கூட்டி வந்தேன். முற்றத்தை அடைத்துக்கொண்டு விறகு நின்றால் இடம் சின்னதாகத் தெரியும் என்று தரகர் சொன்னார், எடுத்து உள்ளே போட்டேன். உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்பதும் தெரியும். நீ தேறி வந்ததும் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ வந்த வாரமே சண்டைக் கடிதம் போட்டாய், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏன் என்று கேள். ஜூன் இருபத்து நான்காம் தேதி நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டு கம்பிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தச்சர். நீ காலை பத்தரைக்கு விழுந்து, அவர் ரம்பத்தைத் திருப்பித் தர வந்த நாலரை மணி வரைக்கும் தரையிலேயே கிடந்திருக்கிறாய் என்றார். ஆறு மணி நேரம். நான் லிஃப்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே இருந்த உதவியாளர், மின்சாரம் தாக்கிவிட்டதோ என்று மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

அந்த மாதிரி இன்னொரு போனை நான் எடுக்க மாட்டேன். அடுத்த தடவை தச்சர் ரம்பம் கடன் வாங்காமல் இருந்தால்? உனக்கு எழுபத்தொன்று. கோடரி தூக்குகிறாய், சாம்பல் அள்ளுகிறாய், பனியில் விறகுக்கு வெளியே போகிறாய். நீ வீம்புக்குக் குளிரில் இருக்கிறாய், நான் இங்கே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு இருக்கிறேன்.

நிலவறையில் போட்டால் விறகு கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியுமா என்று நீ நேராகக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நானும் அந்த வீட்டில்தானே வளர்ந்தேன். தெரியாது என்றால் பாதிப் பொய். தண்ணீர் கசியும் என்று நினைவு வந்தது. வந்ததும், கெட்டால் கெடட்டும், விறகு இல்லாவிட்டால் இவள் கிளம்பித்தானே ஆக வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தில்தான் ஓட்டையில் பிளாஸ்டிக்கைத் திணித்தேன்.

இதற்கு மேல் ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீ விழுந்ததால்தான் இவ்வளவும். விழுந்திருக்காவிட்டால் விற்கும் பேச்சே வந்திருக்காது.

தம்பி


செப்டம்பர் 23

தம்பிக்கு,

உன் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய பாராவை மூன்று தடவை படித்தேன். வெட்கக்கேடு. ஆனால் எழுதினாய். அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி இரண்டு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்றாய். இருக்கிறது.

நான் கோடரி தூக்கி விழவில்லை. சாம்பல் அள்ளி விழவில்லை. விறகுக்குப் போய் விழவில்லை. எப்படி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டாய், ஸ்டூல் வழுக்கியது என்றேன். ஸ்டூல் மேல் எதற்கு ஏறினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டிலில் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவனிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மே மாதம் நீ போன் செய்தாய். வீட்டுப் பத்திரத்தை எடுத்து வை, வரி அலுவலகத்தில் நகல் கேட்கிறார்கள் என்றாய். பிறகு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாய். பத்திரம் அலமாரி உச்சியில், தகரப் பெட்டிக்குள். ஜூன் இருபத்து நான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு நான் அதை எடுக்கத்தான் ஏறினேன்.

ஆறு மணி நேரம் தரையில் கிடந்தபோது அந்தப் பத்திரம் என் பக்கத்தில்தான் கிடந்தது. வேறு வேலை இல்லாததால் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தச்சரின் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்து வரி அலுவலகத்துக்குப் போனேன். சிரிக்காதே. தெருவே சிரித்துவிட்டது. யாரும் எந்த நகலும் கேட்கவில்லை என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். ஆகவே நான் விழுந்ததால் நீ விற்கக் கிளம்பவில்லை. நீ விற்கக் கிளம்பியதால் நான் விழுந்தேன்.

இந்த வீட்டை விட்டு வர மாட்டேன். கால் முறிந்தவளை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு வரச் சொல்கிறாய், அதுவும் லிஃப்ட் பழுது பார்க்கிற நீ. இதை உன் உதவியாளரிடம் சொல்லிப் பார், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

பதினான்காம் நம்பர் இன்றைக்கு இரண்டு கிலோ நானூற்று எழுபது. இறங்குகிறது. காற்று என் பக்கம்.

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

ஒரு வாரத்தில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

மே மாதமே தொடங்கிவிட்டேன் என்பது உண்மை. வரி அலுவலகம் பொய். உன் காலை நான்தான் முறித்தேன் என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எழுதாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் தம்பி பெண்டாட்டி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறாள். சாப்பாடு மட்டும் மேஜைக்கு வருகிறது.

ஏன் மே மாதம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் வந்தபோது விறகு அடுக்க உதவினேனே, ஒரு வரிசை முழுக்க. அடுத்த நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ அதைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தாய். பத்து வயதிலும் அப்படித்தான், அறுபத்திரண்டிலும் அப்படித்தான். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நான் வைத்த எதுவும் வைத்த இடத்தில் இருந்ததில்லை. அது உன் வீடு, நான் வந்து போகிறவன். வந்து போகிற வீடு எனக்கு எதற்கு, போகட்டும் என்றுதான் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது நினைத்தேன்.

இது நியாயம் என்று சொல்லவில்லை. காரணம் என்று சொல்கிறேன்.

அந்தப் புருஷன் பெண்டாட்டி மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லு.

தம்பி


அக்டோபர் 15

தம்பிக்கு,

கலைத்தது உண்மை. நீ அடுக்கிய வரிசை முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது, கட்டைகளை மூச்சுவிடாமல் நெருக்கி வைத்திருந்தாய். அது சரியில்லை. ஆனால் உன்னை எழுப்பி, இங்கே வந்து பார், இப்படி வை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது வருடமாகத் தோன்றவில்லை. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. அதற்காக வீட்டை விற்கிற அளவுக்குப் போனது தப்புதான், விறகை ஊறவைத்தது தப்புதான், பொய் சொல்லிப் பத்திரம் கேட்டது தப்புதான். மூன்றையும் நான் மறக்கப் போவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். எழுதுகிறேன். யார் செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம்.

வீடு விற்பனைக்கு இல்லை என்று அந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். நீ. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை என்று என் தலையில் போடாதே. நானும் என் அக்காவும் விற்கவில்லை என்று சொல். தரகருக்கும் அப்படியே.

நிலவறை ஓட்டையில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிடுங்க வேண்டும். நீ. எனக்குக் கை எட்டும், ஆனாலும் உனக்காக அதை விட்டுவைத்திருக்கிறேன்.

பதினான்காம் நம்பர் இரண்டு கிலோ முந்நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. நவம்பருக்குள் பழைய எடைக்கு வரும். தேறிய விறகு பிப்ரவரி நடு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் வராது. ஆகவே சமையலறையையும் அடுப்பு அறையையும் தவிர மற்ற அறைகளைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டும். நான். படுக்கையை அடுப்பு அறைக்கு இழுக்க வேண்டும். தச்சரும் நீயும்.

குறைகிற விறகுக்கு, பட்டறையில் மிஞ்சும் காய்ந்த துண்டுகளைத் தச்சர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சாக்கில் கட்டி வைப்பது அவர். அதில் பெயின்ட் அடித்ததையும் வார்னிஷ் பூசியதையும் பொறுக்கி வெளியே போடுவது நான்.

புகைக்குழாயை முதல் தீக்கு முன்னால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கூரை மேல் ஏறுவது நீ. லிஃப்ட் மேலே நிற்கிறவனுக்குக் கூரை ஒன்றும் பெரிதில்லை. ஏணியைக் கீழே பிடிப்பது தச்சர். நான் ஏற மாட்டேன். இதை எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

தினமும் காலை எட்டு மணிக்கும் சாயந்திரம் ஆறு மணிக்கும் நான் முன் ஜன்னல் கதவைத் திறந்து மூடுவேன். திறக்காவிட்டால் தச்சர் உள்ளே வர வேண்டும். ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி உன்னிடம். உன்னிடம் இருந்த பழைய சாவி இனி எதற்கும் ஆகாது, பூட்டை மாற்றிவிட்டேன். புதியதை நீ நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாதத்தின் முதல் சனி, ஞாயிறு இங்கே இருக்க வேண்டும். நீ. உன் பெண்டாட்டியும், அவள் உன்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தால்.

போன வாரம் மின்கம்பிக்காக ரோட்டோரம் நின்ற இரண்டு பெரிய தைலமரங்களைச் சாய்த்தார்கள். அடிமரம் இரண்டையும் எனக்கு வேண்டும் என்று சொல்லி எல்லோருக்கும் முன்னால் அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். முற்றத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பச்சை மரம், பிழிந்தால் தண்ணீர் சொட்டும். துண்டு போடுவது தச்சர். பிளப்பது நீ. வடக்குச் சுவரோரம் புதிதாகச் சட்டம் போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறேன். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை அடுக்குவது நீ. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்வேன், கையால் தொட மாட்டேன். சாய்ந்தால் சாயட்டும். விழுந்தால் மறுபடி அடுக்குவதும் நீ.

அது காய இரண்டு கோடை வேண்டும். அப்போது எனக்கு எழுபத்து மூன்று. எரிப்பது நான்.

அக்கா